உராய்வைப் புறக்கணிக்கவும்

ஏழாவது கேள்வி, ஐந்து மதிப்பெண்.
ஐம்பது கிலோ நிறையுள்ள ஒரு பொருள்
இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாய்தளத்தில்
மேல்நோக்கித் தள்ளப்படுகிறது.
தேவையான விசையைக் கணக்கிடுக.
உராய்வைப் புறக்கணிக்கவும்.

ஐம்பது கிலோ, ஒரு முழு ஐஸ் பார்.
சாய்தளம், மின்ட் மேம்பாலம்.
தள்ளப்படுகிறது என்று
ஆள் பெயர் சொல்லாமல் எழுதியவருக்கு
வணக்கம். தள்ளுவது நான்தான்.

காலை நாலரை, காசிமேடு.
ஐஸ் கம்பெனிப் பலகையில்
பார் வழுக்கி வரும்போது
கேள்வித்தாள் சொல்வது அப்படியே சரி:
ஒரு விரல் பட்டால் போதும்,
போய்க்கொண்டே இருக்கும்,
யாராவது கொக்கி போட்டு நிறுத்தும்வரை.
ஒருநாள் யாரும் கொக்கி போடவில்லை.
இம்தியாஸின் கால் கட்டைவிரல் நிறுத்தியது.
நிலைமத்துக்கு எடுத்துக்காட்டு தருக என்றால்
அவன் இன்றும் செருப்பைக் கழற்றிக்
காட்டுகிறான், நகமில்லாத விரலை.

எட்டு பார். மேலே ஈரக் கோணி.
மோட்டார் செத்துப்போன மீன்பாடி வண்டி.
பெலிக்ஸ் அண்ணன் மிதிக்க
பின்னால் நாங்கள் இரண்டு பேர்.
முதல் தள்ளு வண்டிக்குத் தெரியவே தெரியாது.
இரண்டாவதும்.
ஆனால் நாம் தள்ளிய அளவுக்கு
அது நம்மைத் திருப்பித் தள்ளியிருக்கும்,
உள்ளங்கையைப் பார்த்தால் தெரியும்,
கம்பியின் வரி சிவப்பாக.
மூன்றாம் விதி புத்தகத்தில் வந்தபோது
அட, இதுவா என்றிருந்தது.

பிறகு ஒரு கிறீச்.
உருண்டுவிட்டால் பாதிப் பாரம் காணாமல் போகும்.
"நிக்காத! நின்னா மறுபடியும் மொதல்லேர்ந்து!"
பெலிக்ஸ் கத்துவது எங்களுக்கா
அவன் முட்டிக்கா, தெரியாது.

டிசம்பரில் ஒருநாள், பாதி ஏற்றத்தில்,
எந்த லாரியோ ஒழுகவிட்ட எண்ணெயில்
என் தேய்ந்த செருப்பு வழுக்கியது.
அன்றைக்குத்தான் உராய்வைப் புறக்கணித்தேன்.
கை முன்னால் தள்ளியது,
கால் பின்னால் போனது,
முகம் ஐஸில் முட்டியது.
வண்டி ஒரு முழம் பின்வாங்க
இம்தியாஸ் ஓடிப்போய்
சக்கரத்தடியில் அரைச் செங்கலைச் செருகினான்.
நானூறு கிலோவையும்
என் அண்ணனையும் சேர்த்துப்
பிடித்துக்கொண்டு நின்றது அந்த அரைச் செங்கல்.
பின்னாலிருந்த டேங்கர் லாரி ஹாரன் அடித்தது.
செங்கல் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஹெலன் மிஸ்ஸிடம் கேட்டேன்.
"கணக்கு சுலபமா இருக்கணும்னு எடுத்துடறாங்க" என்றார்.
எடுத்து எங்கே வைப்பார்கள் மிஸ்?
வகுப்பு சிரித்தது.
மிஸ் பலகைப் பக்கம் திரும்பி
சாய்தளத்தை அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்,
கீழ்நோக்கி ஒரு புதிய அம்புக்குறியோடு.
பக்கத்தில் ஒரு செருப்பு.
அது செருப்பு மாதிரி இல்லை,
கவிழ்ந்த ஃபைபர் படகு மாதிரி இருந்தது.

சரி. விடை.
ஐம்பது பெருக்கல் பத்து, வகுத்தல் இருபது.
இருபத்தைந்து நியூட்டன்.
ஒரு கையால் தள்ளிவிடலாம்,
மறு கையில் டீ கிளாஸ் வைத்துக்கொண்டு.
ஐந்து மதிப்பெண் நிச்சயம்.

பத்து நிமிடம் மீதி இருந்தது.
விடைக்கு அடியில் பென்சிலால் எழுதினேன்:
பொருள் ஐஸ் என்றால்
நிறை ஐம்பது என்பது காசிமேட்டில் மட்டும்.
பாலத்து உச்சியில் நாற்பத்தெட்டரை.
புளியந்தோப்பில் நாகபூஷணம் கடைத் தராசில்
இன்னும் கம்மி,
அவர் காசு தருவது அந்தக் கம்மிக்கு.
குறைந்தது எங்கே என்று கேட்டால்
ரோட்டில் ஒரு ஈரக் கோடு இருக்கும்,
ஏழு மணி வெயில் வரும்வரை.
ஆகவே, தள்ளத் தள்ள
தேவையான விசை குறையும்.
கூலியும்.

எழுதியதும் பயம் வந்தது.
ரப்பரை வைத்துத் தேய்த்தேன்.
தாள் லேசாகச் சூடானது,
கறுப்புத் துருவல் பெஞ்சில் உருண்டது.
எல்லாம் போனது,
கடைசி வார்த்தை மட்டும்
அழுத்தி எழுதிவிட்டேன் போல.